குவானோ நீர்க்காகத்தையும் ரைசோபியத்தையும் ஒப்பிடுவது எப்படி?

ஒருபக்கம் பெரு நாட்டுக் கடற்கரையின் குவானோ நீர்க்காகம், மறுபக்கம் பட்டாணி வேரில் வாழும் ரைசோபியம் லெகுமினோசாரம் என்ற பாக்டீரியா. உருவத்தில் தொடங்கினால் ஒப்பீடு ஒரே வரியில் முடிந்துவிடும். இரண்டும் மண்ணுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தருபவை. அதையே அளவுகோலாக வையுங்கள்.

தழைச்சத்து எங்கிருந்து வருகிறது என்று முதலில் எழுதுங்கள். நீர்க்காகம் அதை உருவாக்குவதில்லை. நெத்திலி மீனில் இருப்பதைக் கரைக்குக் கொண்டுவருகிறது. குவானோ எனப்படும் அதன் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். மழை அரிதான பெருவின் சிஞ்சா தீவுகளில் அது கரைந்தோடாமல் குவிந்தது. ரைசோபியமோ காற்றின் நைட்ரஜனையே அம்மோனியாவாக மாற்றுகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவு. அதற்கான உணவைச் செடி தருகிறது. சுமப்பதையும் நிலைநிறுத்துவதையும் ஒன்றாக்கிவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

அடுத்து, பூக்கும் பருவத்தில் பட்டாணிச் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரை அலசுங்கள். பிடுங்கினால் ரைசோபியம் வாழும் வேர் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சைப் பிளேடால் வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும், அது லெக்ஹீமோகுளோபின். ஆக்சிஜன் பட்டால், நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதி கெட்டுவிடும் என்பதால், இந்த நிறமி ஆக்சிஜனைப் பிடித்து அளவாகக் கொடுக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. யூரியா அதிகம் போட்ட பாத்தியில் முடிச்சே குறையும். அந்தச் செடியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

'இனம்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. பறவையில் தங்களுக்குள் கூடிக் குஞ்சு பொரிப்பதைப் பார்க்கலாம். இரண்டாகப் பிளந்து பெருகும் பாக்டீரியாவில் மரபணு வரிசைகளைத்தான் ஒப்பிட வேண்டும். முடிச்சு உண்டாக்கும் மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையம் வழியே பிற பாக்டீரியாவுக்கும் தாவக்கூடியவை. எந்தச் செடியில் முடிச்சிடுகிறது என்பதை மட்டும் வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது.