உட்காரச் சொன்னால் உட்காருங்கள்: கால்வாய்த் தோணியில் செய்யும் தவறுகள்

கொழும்பிலிருந்து வத்தளைப் பக்கம் போய்த் தோணி ஏறுகிறவர்களின் முதல் தவறு கரையிலேயே தொடங்கிவிடுகிறது. கண்ணில் படுகிற நீர்வழியெல்லாம் அவர்களுக்கு ஒல்லாந்தர் கால்வாய்தான். களனி கங்கையிலிருந்து நீர்கொழும்பு நோக்கிக் கடலோரமாகப் போகும் ஹமில்டன் கால்வாயை வெட்டியவர்கள் ஆங்கிலேயர். முத்துராஜவெலச் சதுப்பின் உப்புநீரை வடிப்பதற்காக 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். ஒல்லாந்தருடையது சதுப்பின் கிழக்குப் பக்கம் இருக்கிறது.

படகுகளையும் இப்படித்தான் குழப்புகிறார்கள். பழைய படங்களில் ஓலைக்கூரையோடு தெரிகிற தட்டையடிச் சரக்குப் படகு ‘பாருவ’. ரயிலும் லொறியும் அதன் பிழைப்பைப் பறித்துவிட்டன. பக்கவாட்டில் மிதவைக் கட்டை பூட்டிய ஒடுங்கிய தோணியைச் சிங்களத்தில் ‘ஒருவ’ என்பார்கள், பன்மையில் ‘ஒரு’. பலவற்றை ‘ஒரு’ என்கிறார்களே என்று முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.

அந்தக் கட்டையைப் படியென்று நினைத்து மிதித்து ஏறாதீர்கள். தோணி புரளாமல் இருப்பதே அதனால்தான். விளிம்பிலும் கால் வைக்க வேண்டாம். நடுவில் காலை ஊன்றி உடனே உட்கார்ந்துவிடுங்கள். படம் எடுக்க எழும்பி நிற்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! உயிர்காப்பு அங்கி கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

ஆழமில்லாத இடங்களில் படகுக்காரர் சவளை, அதாவது துடுப்பை, வைத்துவிட்டு நீண்ட கம்பை ஊன்றித் தள்ளுவார். ஒரு தடவை அந்தக் கம்பு சேற்றில் சிக்கிக்கொண்டது. அவர் சட்டென்று கையை விட்டுவிட்டார். தோணி நகர்ந்தது, கம்பு தண்ணீரில் தனியே நின்றது. ஏதோ கைதவறிவிட்டது என்று நினைத்த என் மச்சான் எட்டி அதைப் பிடிக்கப் போனார். தோணி சரிந்து இரண்டு வாளித் தண்ணீர் உள்ளே வந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தோணி போய்விடும், ஆள் கம்போடு நின்றுவிடுவார்; அதனால்தான் விட்டார். ஒரு வார்த்தை பேசாமல் சவளை எடுத்து வலித்துத் திரும்பி வந்து, கம்பை முறுக்கிப் பிடுங்கினார். மச்சான் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

கையை வெளியே தொங்கவிடாதீர்கள். தண்ணீரில் திரியும் பெரிய உடும்பான கபரகொய்யா உங்களைச் சட்டை செய்யாது. ஆனால் முத்துராஜவெலப் பக்கம் முதலையும் உண்டு. காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரக்கூடும். பெருமழை பெய்த மறுநாள் படகுக்காரர் வர மறுத்தால், கூடுதல் காசு காட்டி வற்புறுத்தாதீர்கள்.

கூலியைப் போகவர இரண்டுக்கும் சேர்த்து ஏறுமுன்பே பேசுங்கள். எதிர்க்காற்றில் திரும்புவதென்றால் அவருடைய தோள்களுக்கு இரட்டிப்பு வேலை. அழைக்கும்போது ‘ஏய் போட்’ வேண்டாம், ‘ஐயா’ என்றே கூப்பிடுங்கள். சிங்களவராக இருந்தால் அவர் காதில் அது ‘அண்ணன்’ என்று விழும், திரும்பிப் பார்ப்பார்.