ஸ்பெஷல் ஸ்கூல் முடிந்த பிறகு என்ன? 14 வயதிலேயே தொடங்க வேண்டிய வேலைகள்

என் மகனுக்கு இப்போது 22 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன். ஸ்பெஷல் ஸ்கூலில் கடைசி நாள் முடிந்து, டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலை ஏழரை மணிக்கு யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் வேனுக்காக நின்றான். "இனிமே ஸ்கூல் இல்லடா கண்ணா" என்றேன். அடுத்த நாளும் நின்றான். ஒன்பது நாள் நின்றான். பத்தாம் நாள் பதினோரு மணி வரை எழுந்திருக்கவே இல்லை. அதற்கடுத்த ஆறு மாதத்தில், தானே சட்டை பட்டன் போடுவதைக்கூட விட்டுவிட்டான்.

பள்ளி ஒருநாள் முடியும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. 18க்கு அப்புறம் வரும் நாட்களை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும். 14 வயதில் தொடங்கினால் கையில் நான்கு வருடம் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு 17 ஆகிவிட்டதா? சரி, கீழே சொல்லும் ஏழு படிகளில் முதல் படியிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் ஐந்தாம் படியான காகித வேலைகளையும் கூடவே ஆரம்பித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும், அறிவுசார் குறைபாடு அல்லது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரு நாளை அப்படியே எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். காலை எழுவது முதல் இரவு தூங்குவது வரை பிள்ளையின் நாளில் நடக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம்: தானே செய்கிறான், சொன்னால் செய்கிறான், நான் செய்துவிடுகிறேன்.

மூன்றாவது கட்டத்தை நிதானமாகப் பாருங்கள். என் நோட்டில் தலை சீவுவது, சோறு பிசைவது, செருப்பு மாட்டுவது எல்லாம் அங்கே இருந்தன. அவனால் முடியாது என்பதால் இல்லை. காலையில் எனக்கு இருந்த அவசரத்தில் நானே செய்துவிட்டேன். அப்படிச் செய்து செய்து பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அந்தக் கட்டத்திலிருந்து இரண்டே இரண்டு வேலைகளைத் தேர்ந்தெடுங்கள், பத்து வேண்டாம்.

இன்னொன்று, பிள்ளையிடம் கேளுங்கள். பேச்சு வராத பிள்ளை என்றால் கடை, தோட்டம், சமையலறை, கம்ப்யூட்டர் என்று போட்டோக்களைப் பரப்பி வைத்து எதை எடுக்கிறது என்று கவனியுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஒரு மாதம் பாருங்கள். நாம் போடும் திட்டத்தை வாழப்போவது அந்தப் பிள்ளைதான்.

படி 2: ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடையுங்கள்

நாங்கள் எடுத்துக்கொண்டது தெருமுனைக் கடையில் பால் வாங்குவது. பையை எடுப்பது, செருப்பு மாட்டுவது, தெருமுனை வரை ஓரமாக நடப்பது, வரிசையில் நிற்பது, "அரை லிட்டர் பால்" என்று கேட்பது, பணம் நீட்டுவது, மீதி வாங்கிப் பாக்கெட்டில் போடுவது, பாலைப் பையில் வைப்பது, வீடு திரும்புவது, ஃபிரிட்ஜில் வைப்பது. நமக்கு ஒரே வேலை. அவனுக்குப் பத்து.

சிறப்பாசிரியர்கள் சொல்லித் தந்த ஒரு வழி எனக்கு மிகவும் உதவியது. கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் ஒன்பதையும் நான் செய்தேன், ஃபிரிட்ஜில் வைப்பது மட்டும் அவன். வேலையை முடித்தவன் அவன்தான் என்ற சந்தோஷம் முதல் நாளே கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் கடைசி இரண்டு, அப்புறம் மூன்று. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தோம்.

கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். "அண்ணே, அவன் வாய் திறந்து கேட்கிற வரைக்கும் எடுத்துக் குடுத்துடாதீங்க" என்று சொல்லி வைத்தேன். நல்ல மனதோடு எல்லோரும் முந்திக்கொண்டு உதவிவிடுகிறார்கள், பிள்ளைக்குக் கேட்கவே வாய்ப்பு வருவதில்லை. ஒருநாள் கடையில் கூட்டம். ஐம்பது ரூபாய் நோட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றான். நான் கரண்ட் கம்பத்துக்குப் பின்னால். "பாவம், குடுத்து அனுப்புப்பா" என்றார் வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா. கடைக்காரர் அசையவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து "பால்" என்றான். அரை லிட்டர் என்பது வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. மொத்தம் நான்கு மாதம்.

பஸ் பயணத்தையும் இதே மாதிரி பழக்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் தமிழ்நாட்டில் 2021 முதல் கட்டணம் கிடையாது. அதனால் பத்து முறை போய்வந்தாலும் கைக்காசு செலவில்லை. முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு இரண்டு சீட் தள்ளி, பிறகு பின் படிக்கட்டுப் பக்கம்.

படி 3: உடல், அந்தரங்கம்

பேசத் தயங்குகிறோம், ஆனால் தள்ளிப்போட முடியாத விஷயம் இது. பாத்ரூம் கதவைச் சாத்துவது, அடுத்தவர் அறைக்குள் போகும்முன் தட்டுவது, யார் எங்கே தொடலாம், பிடிக்காவிட்டால் உரக்க "வேண்டாம்" என்பது. இவற்றை 12, 13 வயதிலேயே பழக்க வேண்டும். பெரியவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டும்படி நம் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு, பிறகு அவர்களால் மறுக்க முடியவில்லையே என்று அழுவதில் பயனில்லை. பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் மாற்றுவதையும் பால் வாங்கக் கற்பித்த மாதிரியே துண்டு துண்டாகக் கற்பிக்கலாம்.

படி 4: பகல் பொழுதுக்கு ஒரு இடம்

15, 16 வயதில் பள்ளியிடம் கேளுங்கள்: தொழிற்பயிற்சி இருக்கிறதா? முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த இரண்டாவது கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மதிப்பீட்டுக்கும் ஆலோசனைக்கும் அங்கே போகலாம்.

அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து. தகுதியும் விருப்பமும் இருந்தால் முயலுங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம். தெரிந்தவர் கடையில் வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் என்று பள்ளி நாட்களிலேயே பழக்கிப் பாருங்கள். என் மகனுக்கு ஒரே அளவில் அடுக்குவது பிடிக்கும். இன்று ஒரு பேக்கரியில் அட்டைப்பெட்டி மடித்து அடுக்குகிறான், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஒன்பதரைக்குத் தானே குளித்து, பட்டன் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

படி 5: காகித வேலைகள்

ஒரு ஃபைல் போடுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), ஆதார், பேங்க் பாஸ்புக். சான்றிதழில் புதுப்பிக்க வேண்டிய தேதி போட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சிறு வயதில் வாங்கிய அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழை 18 வயதில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆதாரில் 15 வயதில் கைரேகையும் கண்ரேகையும் மறுபடி பதிய வேண்டும்.

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை தருகிறது, தெரபிக்கும் சேர்த்து. பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியர் அல்லது ஓய்வூதியர் என்றால், சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. நீங்கள் இருக்கும்போதே பிள்ளையின் பெயரை அலுவலகப் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

18 ஆனதும் வாக்காளர் அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். நீதிமன்றம் மனநிலை சரியில்லாதவர் என்று அறிவிக்காதவரை ஓட்டுப் போடும் உரிமையை யாரும் மறுக்க முடியாது.

படி 6: 18 வயதும் கார்டியனும்

மகனுக்கு 18 முடிந்து மூன்றாம் மாதம், அவன் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒரு வங்கிக்குப் போனேன். "மைனர் இல்லையே, அவர்தான் கையெழுத்துப் போடணும்" என்றார்கள். "நான் அம்மா" என்றேன். அம்மா என்பதற்கு அங்கே படிவம் இல்லை. 18 வயதோடு பெற்றோரின் சட்டப்படியான பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பாதுகாவலரை நியமிக்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது தேவையா என்று முதலில் யோசியுங்கள். கொஞ்சம் உதவினால் தானே கையெழுத்திட்டு முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்கு முழுப் பாதுகாவலர் வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டம், கலந்துபேசிச் சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையையும் சொல்கிறது. கையெழுத்துப் போடப் பழக்குவதை 14 வயதிலேயே தொடங்குங்கள்.

படி 7: நமக்குப் பிறகு

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயில் எழுதுங்கள். பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி போட்டுவிட்டதால் மட்டும் சொத்து அவருடையதாகிவிடாது. பெரிய தொகையோ வீடோ இருந்தால், பிள்ளையின் நன்மைக்காகத் தனியார் அறக்கட்டளை அமைப்பது பற்றி ஒரு வக்கீலிடம் கேளுங்கள். அக்கா பார்த்துக்கொள்வாள், தம்பி பார்த்துக்கொள்வான் என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல், அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். எவ்வளவு முடியும், எது முடியாது என்று அவர்களே சொல்லட்டும்.

அப்புறம் படி ஒன்றில் எடுத்த நோட்டு. அதன் கடைசிப் பக்கங்களில் நான் மகனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். என்னென்ன மாத்திரை, எந்த டாக்டர் என்பதோடு மற்றவையும் உண்டு. ரசத்தையும் சோற்றையும் தனித்தனியாக வைத்தால்தான் சாப்பிடுவான். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவான், இழுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பேக்கரிக்கு நீலச் சட்டை. "பால்" என்று சொன்னால் அரை லிட்டர் என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை அவன் பிறந்தநாளன்று அதைத் திருத்தி எழுதுகிறேன். பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது, அவன் அக்காவுக்குத் தெரியும்.