குளோரின் டிடெக்டர் ஸ்பான் ஆகாமல் படுத்தியபோது

ஸ்பான் என்றால், அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து, டிடெக்டர் அதே அளவைக் காட்டும்படி சரிசெய்வது. சிலிண்டரிலிருந்து 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) குளோரின் கொடுத்தால் டிடெக்டர் 3-ஐத் தாண்டவில்லை. ஜீரோ, அதாவது வாயு இல்லாதபோது காட்டும் அளவு, மட்டும் கச்சிதம். ரீடிங்கை 4–20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகக் கொண்டுபோகும் லூப்பில் மல்டிமீட்டர் வைத்தேன்: 0–10 பிபிஎம் ரேஞ்சில் 3 என்றால் 8.8 மில்லிஆம்பியர், அதுவே வந்தது. அந்த மின்னோட்டத்தை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் மேல் பழியில்லை. புது சென்சார் போட்டு, வார்ம்-அப் முடியும்வரை காத்திருந்தும் அதே 3. சிலிண்டரும் காலாவதி ஆகவில்லை. எரிச்சல்தான் மிச்சம்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. ரீடிங் ஓரிடத்தில் நிற்கவே இல்லை; மிக மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. சென்சார் பழசானால் பெரும்பாலும் குறைவாகக் காட்டினாலும் ஓரிடத்தில் நின்றுவிடும். இதுவோ வழியிலேயே வாயுவை ஏதோ தின்கிற மாதிரி இருந்தது. சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பாதியாக வெட்டினேன், ரீடிங் கூடியது! குளோரின் ரப்பரையும் பித்தளை ரெகுலேட்டரையும் சும்மா விடாது, அவற்றோடு வினைபுரிந்து வழியிலேயே குறைந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு இதே குழாய் தொந்தரவு தராது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெகுலேட்டர், ஒரு ஜாண் டெஃப்லான் குழாய், நிமிடத்துக்கு 0.5 லிட்டர் ஓட்டம். அந்த 3-ஐயே 5 என்று ஸ்பான் செய்திருந்தால் பிறகு எல்லாமே கூடுதலாகக் காட்டி, வீண் அலாரமாக அடித்திருக்கும். சில நிமிடம் வாயுவை ஓடவிட்டு, ரீடிங் நின்ற பிறகே ஸ்பான் செய்தேன். 5.0.