பழைய பாய்மரப் படகின் என்ஜினும் கியரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பக்கத்துப் படகில் ஒரு தம்பி ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். கர்ர், கர்ர் என்று சுற்றுகிறது, பற்றவில்லை. கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி அழுத்துவார். ஆறாவது தடவை என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "முதல்ல கடல்நீர் வால்வை மூடுங்க தம்பி" என்று கத்திக்கொண்டே போனேன். "என்ஜினே ஓடலையேண்ணா, தண்ணியை எதுக்கு மூடணும்?" என்றார். பல வருஷங்களுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆயில் அளவு பாருங்கள், பெல்ட்டைப் பாருங்கள் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பற்றாத என்ஜினைச் சுற்றிக்கொண்டே இருப்பது

என்ஜினைக் குளிர்வித்த கடல்நீர், மிக்ஸிங் எல்போ என்ற குழாய் வளைவில் புகையோடு கலந்து கீழே வாட்டர்லாக் பெட்டியில் விழுகிறது. அங்கிருந்து அதை மேலே தூக்கிப் படகுக்கு வெளியே தள்ளுவது புகையின் அழுத்தம்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது கடல்நீர் பம்பும் கூடவே சுற்றும். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், தள்ளிவிடப் புகை இருக்காது. பெட்டி நிரம்பும், குழாய் நிரம்பும், கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அமுக்குகிற பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது.

நான் டீசல் ஃபில்டர் மாற்றியிருந்தேன். லைனில் இருந்த காற்றைச் சரியாக எடுக்கவில்லை. பதினைந்து தடவையாவது சுற்றியிருப்பேன். 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டார்ட்டர் அப்படியே நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு பேட்டரியை மாட்டி அழுத்தினேன். அந்த ஒரு அழுத்தில் கனெக்டிங் ராட் வளைந்தது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. ஒரு சொட்டு டீசல் கசியும் வரை ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை; என்ஜினையே இறக்க வேண்டி வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இரண்டு மூன்று தடவையில் பற்றவில்லையா, கடல்நீர் வால்வை மூடுங்கள். பற்றிய அந்த நொடியே திறந்துவிடுங்கள். காய்ந்து சுற்றினால், கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் கிழிந்துவிடும். நிறைய சுற்றிவிட்டோம் என்று தோன்றினால் வாட்டர்லாக்கின் வடிகால் அடைப்பைக் கழற்றிக் காலி செய்யுங்கள்.

ஸ்டார்ட்டர் திடீரென்று இடித்து நின்றால் பேட்டரியைத் தொடாதீர்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கல்லில் இடித்தது போல நின்றால் உள்ளே தண்ணீர். சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் இஞ்செக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினால் அந்த ஓட்டை வழியாகப் பீச்சியடிக்கும். தண்ணீர் வந்த வழியை அடைத்து, ஆயிலை மாற்றி, கூடுமானால் அன்றைக்கே ஓட்டுங்கள். ஆயில் வெளுப்பது நிற்கும் வரை திரும்பத் திரும்ப மாற்றுங்கள். உப்புத்தண்ணீர் ஒரு வாரம் உள்ளே நின்றால் பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தம்பியின் என்ஜின் ஸ்பேனருக்கு இரண்டு சுற்று முழுசாகத் திரும்பியது. இஞ்செக்ஷன் பம்பில் காற்றெடுக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரை நுரையாக டீசல் வந்தது. குமிழி நின்ற பிறகு ஒரே அழுத்தில் பற்றிக்கொண்டது.

இம்பெல்லரை மாற்றிவிட்டு, உடைந்த இதழ்களைத் தேடாமல் விடுவது

பழையதில் எத்தனை இதழ் குறைகிறது என்று எண்ணுங்கள். அத்தனை துண்டும் கைக்கு வர வேண்டும். வராத துண்டு பெரும்பாலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (என்ஜின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் பாகம்) வாயில் போய் அடைத்துக்கொண்டு, பின்னொரு நாள் காற்றில்லாத நேரத்தில் என்ஜினைச் சூடேற்றும்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று கரையில் பார்ப்பது

கரையில் தாங்கி நிற்கும் படகின் அடிப்பாகம் வேறு வடிவம், தண்ணீரில் வேறு. இறக்கிய பிறகு ஓரிரு நாள் கழித்து, ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் நடுவில் நாலு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 4 அங்குல ஃபிளாஞ்சுக்கு (கப்ளிங்கின் வட்டத் தகடு) வித்தியாசம் சுமார் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் அடி வாங்குவது கியர்பாக்ஸின் பின்பக்க பேரிங்கும் சீலும்.

கிளாண்ட் சொட்டுகிறதே என்று இறுக்கிக்கொண்டே போவது

ஷாஃப்ட் படகை விட்டு வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் பழைய பேக்கிங் கிளாண்ட், ஷாஃப்ட் சுற்றும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டு சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் அதற்குக் குளிர்ச்சி. முழுக்க இறுக்கினால் உள்ளே இருக்கும் பேக்கிங் திரி கருகி ஷாஃப்ட்டில் பள்ளம் விழும்.

என்ஜினை நிறுத்திப் பாயில் ஓடும்போது முன் கியரில் விடுவது

வேண்டாம். நியூட்ரலா ரிவர்ஸா என்பதை உங்கள் கியர்பாக்ஸின் கையேட்டில் பாருங்கள்.

பேட்டரி ஏற்றுவதற்காக மணிக்கணக்கில் ஐட்லிங்கில் ஓட்டுவது

சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகும், எல்போவில் கரி அடைக்கும்.

செயில்டிரைவின் ரப்பர் டயஃப்ரத்தை "நல்லாத்தானே இருக்கு" என்று விடுவது

செயில்டிரைவ் என்பது படகின் அடியில் உள்ள ஓட்டை வழியாக நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் கியர் கால்; அந்த ஓட்டையை மூடுவதுதான் டயஃப்ரம். மாற்ற வேண்டிய காலமாக என்ஜின் தயாரிப்பாளரான வோல்வோ பென்டா சொல்வது 7 ஆண்டு. படகுக்கும் கடலுக்கும் நடுவில் அந்த இடத்தில் இருப்பது அந்த ரப்பர் மட்டும்தான். மாற்றிய தேதியை என்ஜின் மேலேயே எழுதி வையுங்கள்.