வகுப்பில் சேரும் முன் ஒரு தடவை அசிஸ்ட் தளம்

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் ஏ.ஏ.-டி பட்டத்துக்கு (பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிப்பதற்கான இணைப் பட்டம்) படிக்கிறீர்களா? ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்யும் முன் எந்தக் காலேஜ் வகுப்பைக் கலிபோர்னியாவின் பொதுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) தளத்தைப் பார்த்து, மேஜருக்கும் (முதன்மைப் பாடம்) பொதுக்கல்விக்கும் சேர்த்தே கணக்கில் வருகிற வகுப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள். உளவியல் மேஜர் என்றால் அறிமுக உளவியலும் புள்ளியியலும் அப்படிப்பட்டவை.

பட்டத்துக்குத் தேவை 60 யூனிட் (வகுப்புகளின் பாட அளவு). ஒரே வகுப்பு மேஜர், பொதுக்கல்வி என்ற இரண்டு தேவையையும் நிரப்பினால்தான் அது அறுபதிலேயே நிற்கும், இல்லாவிட்டால் இன்னொரு செமஸ்டர் வரை இழுத்துவிடும். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், அதாவது 3 யூனிட் வகுப்பு ஒன்று குறைந்தாலே 138 டாலர் மிச்சம். மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ மாறப்போகிறவர்களுக்கு இந்தத் தளம் உதவாது, அந்தப் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேளுங்கள். அப்புறம், ஏ.ஏ.-டி உறுதி செய்வது கலிபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி அமைப்பில் ஓர் இடத்தைத்தான், நீங்கள் விரும்பிய வளாகத்தை அல்ல.