கால் சுவிட்சில் எழுந்த 'டப்' ஓசையை நீக்கிய விதம்

கிட்டாரின் ஒலியை மாற்றித் தரும் இரண்டு எஃபெக்ட் பெடல்களை ஒரே மிதியில் இணைக்கவும் விலக்கவும் வசதியாக, 9 முனைகள் கொண்ட கால் சுவிட்ச் ஒன்றையும் கேபிள் செருகும் நான்கு ஜாக்குகளையும் அலுமினியப் பெட்டியில் பொருத்தி, நானே ஒரு சுவிட்ச் பெடல் செய்தேன். வேலை செய்தது, ஆனால் மிதிக்கும்போது ஆம்ப்ளிஃபயரில் 'டப்' என்று ஓசை வெடித்தது.

சால்டரிங்கைச் சந்தேகித்து ஒன்பது முனைகளையும் மீண்டும் பற்றவைத்தது வீண் வேலை. அடுத்தடுத்து மிதித்தால் ஓசை அடங்குவதையும், சிறிது நேரம் விட்டு மிதித்தால் பலமாகக் கேட்பதையும் கவனித்த பிறகே காரணம் பிடிபட்டது. விலக்கப்பட்டிருக்கும் பெடலின் உள்ளீட்டுக் கப்பாசிட்டரின் (நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் விடும் பாகம்) வெளிமுனை எதனோடும் இணையாமல் தொங்குவதால், அதன் வழியே நேர்மின்னோட்டம் துளித்துளியாகக் கசிந்து மின்னழுத்தம் மெல்ல ஏறுகிறது. மிதித்த கணத்தில் அது மொத்தமாக இறங்குவதே அந்த ஓசை.

அந்த மின்னழுத்தம் சேராமல் வடிந்துபோக, பெடலுக்குச் செல்லும் ஜாக்கின் நுனி முனையிலிருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றும், திரும்பி வரும் ஜாக்கில் அதேபோல் மற்றொன்றும் இணைத்தேன். 100 கிலோ ஓம் போன்ற குறைந்த மதிப்பு கிட்டாரின் கூர்மையான ஒலியை மங்கச் செய்யும் என்பதால் அதைத் தவிர்த்தேன். ஓசை ஏறத்தாழ முழுவதும் நின்றது. எஞ்சியிருந்த மெல்லிய சொடுக்கு, பெட்டியில் 9 வோல்ட்டில் எரியும் எல்இடி விளக்கின் ரெசிஸ்டரை 1 கிலோ ஓமிலிருந்து 4.7 கிலோ ஓமாக உயர்த்தியதும் மறைந்தது.