புரதச் சிதைவைத் தடுத்து ஆக்சிஜன் குறைவை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதச் சிதைவைத் தடுக்கும் எம்ஜி132 என்ற தடுப்பானைச் சேர்த்த செல்களின் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை), ஆக்சிஜன் குறையும்போது மரபணுக்களை இயக்கும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தின் பட்டை அடர்த்தியாகத் தெரிந்தவுடன், ஆக்சிஜன் குறைவுக்கான துலங்கல் தொடங்கிவிட்டது என்று எழுதிவைக்கும் புதியவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நானும் அப்படி எழுதியவன்தான் என்பதால், அந்தப் பட்டையைக் கண்டாலே இன்றும் மனம் கசக்கிறது.

பட்டை தெரிந்தால் புரதம் வேலை செய்கிறது என்று நம்புவது

ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போது, இப்புரதத்தின் 402, 564 ஆகிய இடங்களிலுள்ள புரோலின்களில் ஹைட்ராக்சில் சேர்கிறது. அதை விஎச்எல் என்னும் புரதம் பற்றிக்கொள்ள, சிதைவுக்கான அடையாளமாக யுபிக்விட்டின் சங்கிலி ஏறி, செல்லின் சிதைப்பு எந்திரமான புரோட்டியோசோம் புரதத்தைச் சிதைக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது தடைபடுவது இந்த வரிசையின் முதற்படி. எம்ஜி132, போர்டெசோமிப் போன்றவை தடுப்பதோ கடைசிப் படி. எனவே ஆக்சிஜன் உள்ள செல்லில் தடுப்பான் தேக்கிவைக்கும் புரதத்தில் பெரும்பகுதி ஹைட்ராக்சிலும் யுபிக்விட்டினும் ஏறியதாகவே இருக்கும். அதோடு, எஃப்ஐஎச் என்னும் நொதி 803ஆம் இடத்து அஸ்பாரஜினிலும் ஹைட்ராக்சிலைச் சேர்ப்பதால், மரபணுக்களை இயக்கத் துணைபுரியும் பி300 அதனுடன் இணைவது தடைபடுகிறது.

என் பட்டைகள் கறுத்திருந்தன. இப்புரதம் இயக்கும் இலக்கு மரபணுக்களான விஇஜிஎஃப், சிஏ9 ஆகியவற்றின் எம்ஆர்என்ஏ மட்டும் உயரவே இல்லை. எம்ஆர்என்ஏவை அளக்க உதவும் பிரைமர்களைச் சந்தேகித்து மாற்றினேன், ஆர்என்ஏ பிரிக்கும் முறையையும் மாற்றினேன். ஏழு மாதங்கள் போயின. அந்த எம்ஆர்என்ஏ அளவுகள் முதல் நாளிலிருந்தே சரியானவை என்பதை ஏற்க மறுத்ததுதான் என் தவறு. ஆக்சிஜன் குறைந்த செல்களிலேயே தடுப்பானைச் சேர்த்தால், புரதம் பெருகியும் இலக்கு மரபணுக்களின் வெளிப்பாடு குறையக்கூடும் என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

ஆகவே குறைந்தது இரண்டு இலக்கு மரபணுக்களையாவது அளந்து பாருங்கள். ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதிகளையே தடுக்கும் டிஎம்ஓஜி இட்ட செல்களையும், ஹைட்ராக்சில் ஏறிய 564ஆம் புரோலினை இனங்காணும் ஆன்டிபாடியையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செல்களை வெளியே எடுத்துவந்து கரைப்பது

ஆக்சிஜன் பட்ட சில நிமிடங்களில் ஹிஃப்-1 ஆல்ஃபா மறைந்துவிடும்; ஆக்சிஜன் குறைத்த வளர்ப்பறைக்குள்ளேயே செல்களைக் கரையுங்கள்.

இரவு முழுவதும் தடுப்பானில் விட்டுவைப்பது

சிதைக்கப்படாத புரதங்கள் குவியும்போது புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏறிப் புதிய புரத உற்பத்தியே தளர்கிறது. செல்களும் இறக்கத் தொடங்குகின்றன. அந்நிலையில் கிடைக்கும் அளவுகளில் ஆக்சிஜனின் பங்கு எது, நச்சின் பங்கு எது என்று பிரித்தறிய இயலாது. நான் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறேன்.

எம்ஜி132 புரோட்டியோசோமை மட்டுமே தடுக்கும் என்று எண்ணுவது

புரதங்களை வெட்டும் வேறு நொதிகளான கால்பெயின்களையும் சில கதெப்சின்களையும் அது தடுக்கும். புரோட்டியோசோமை இன்னும் குறிப்பாகத் தடுக்கும் எபாக்சோமைசினைக் கொண்டு ஒருமுறை சரிபாருங்கள்.